வீதிக்கு மின்சாரம் வந்த பிறகும் வாடகை வீடு இருளில் கிடந்தால் பொறுப்பு யாருடையது?

ஹட்டன் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஹட்டன் நகருக்கு அண்மையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு வருடங்களாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். மேல்தளத்தில் வீட்டு உரிமையாளரின் குடும்பம் வசிக்கிறது. மின் இணைப்பு அவருடைய பெயரில் உள்ளது. மின்சார சபையின் மானி மேல்தள வாசலில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு வயர் வெளிச்சுவர் வழியாக இறங்கி, எங்கள் சமையலறைத் தகரக் கூரைக்கு அடியில் ஒரு மூட்டுப் பெட்டிக்குள் நுழைந்து, அதன் பிறகு எங்கள் பாவனையை மட்டும் அளக்கும் உப மானிக்கு வந்து சேர்கிறது. மாதம் முடிந்ததும் உப மானியின் வாசிப்பைப் பார்த்து அவர் சொல்லும் தொகையை 28,000 ரூபாய் வாடகையோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகம் பட்டபாட்டை இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீதியில் மரம் விழுந்து மின்கம்பிகள் அறுந்தன. ஒன்பது நாட்கள் எல்லோருக்கும் இருள்தான். அந்த ஒன்பது நாட்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. வழியெல்லாம் மண் சரிந்து கிடந்த நேரத்தில் சபையின் ஊழியர்கள் தோளில் கயிற்றைச் சுமந்துகொண்டு நடந்தே வந்து வேலை செய்ததை நேரில் பார்த்தேன்.

என் கேள்வி பத்தாம் நாளிலிருந்து தொடங்குகிறது. அன்று மாலை வீதி விளக்கு எரிந்தது, எதிர் வீடு எரிந்தது, மேல்தளமும் எரிந்தது. எங்கள் பகுதி மட்டும் எரியவில்லை. மேலே உள்ள பெட்டியில் எங்களுக்கான சுவிட்சைப் போட்டால் வீடு முழுவதும் மின்சாரம் விழுந்துவிடுகிறது என்று உரிமையாளர் அதை அணைத்து வைத்துவிட்டார். “புயலால் வந்த சேதத்துக்கு நான் என்ன செய்வது டீச்சர், உங்கள் பக்கத்துப் பிழையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்கிறார். தண்ணீர்த் தாங்கிக்கு நீர் ஏற்றும் மோட்டரும் எங்கள் பக்க இணைப்பில் இருப்பதால் குழாயிலும் தண்ணீர் இல்லை. இன்றோடு பதினாறு நாட்கள் ஆகின்றன.

இடைநிறுத்தப்பட்ட உயர்தரப் பரீட்சைக்கு மகள் மீண்டும் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய இரசாயனவியல் குறிப்புப் புத்தகத்தின் பக்கங்கள் மெழுகு சொட்டி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மாமியாருக்கு நெபுலைசர் தேவைப்படும் இரவுகளில் அயல் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். இவ்வளவுக்கும் நடுவில் இந்த மாத முழு வாடகையும் ஐந்தாம் திகதிக்குள் வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்குள் உள்ளது நூறு ரூபாய் முத்திரையில் கையெழுத்திட்ட ஒரு வருட ஒப்பந்தம் மாத்திரமே; ஆவணங்களைச் சட்டப்படி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசிடம் போகவில்லை, அந்த வருடமும் எப்போதோ முடிந்துவிட்டது.

திருத்த வேண்டியது யார்? இருளில் இருந்த நாட்களுக்கு வாடகையில் கழிக்க முடியுமா? அவர் சொன்னால் நாங்கள் உடனே வீட்டை விட்டு எழும்ப வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மகாவலிக்கரை (கண்டி)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீதிமன்றப் பணியில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் உங்கள் இருளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஒன்பது நாள் இருள் வேறு, பிந்திய பதினாறு நாள் இருள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி உரிமையாளரிடம் கொண்டுபோனால் அவர் முதலாவதைக் காட்டி இரண்டாவதிலிருந்தும் தப்பித்துக்கொள்வார். இப்போது அவர் செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

கம்பத்திலிருந்து மானி வரைக்கும் உள்ளது மின்சார சபையின் பொறுப்பு. அதில் பிழை என்றால் 1987 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைப் பெற்றுக்கொள்வதே வழி. வீட்டு உரிமையாளரைக் குறை கூற இடமில்லை. மானியைத் தாண்டிய பிறகு உள்ள வயர், சுவிட்ச், மூட்டுப் பெட்டி, உப மானி ஆகிய எல்லாம் கட்டடத்தின் பகுதி. நீங்கள் ஏதாவது பொருளைச் செருகிப் பழுதாக்கியிருந்தாலன்றி, அதைப் பாவிக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது வாடகைக்குக் கொடுத்தவரின் கடமை. நம் நாட்டில் வாடகை உறவுக்கு அடிப்படையாக இருப்பது ஒல்லாந்தர் ஆட்சியோடு வந்த உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி வீட்டைக் கொடுத்துவிட்டால் போதாது. எந்தப் பாவனைக்காகக் கொடுத்தாரோ அந்தப் பாவனைக்கு ஏற்றதாக அதைப் பேணவும், குடியிருப்பவரின் அனுபவிப்புக்குத் தாமே இடையூறு செய்யாதிருக்கவும் உரிமையாளர் கடமைப்பட்டவர். புயல்தான் வயரை நனைத்தது என்றாலும், நனைந்த வயரை மாற்றுவது அவருடைய வேலையாகவே இருக்கும். புயல் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கூரையை உங்களையா போடச் சொல்வார்?

வாடகைக் கழிவைப் பற்றிக் கேட்டீர்கள். குடியிருப்பவரின் குற்றம் இல்லாமல், மனிதரால் தடுக்க முடியாத ஒன்றினால் அல்லது உரிமையாளர் தம் கடமையைச் செய்யாததால் வீட்டின் பாவனை கெட்டால், கெட்ட அளவுக்கு வாடகையில் குறைப்புக் கேட்கும் உரிமை அதே சட்டத்தில் உண்டு. ‘கெட்ட அளவுக்கு’ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அந்த வீட்டில்தான் உறங்கியிருக்கிறீர்கள், சமைத்திருக்கிறீர்கள். ஆகவே பதினாறு நாட்களின் முழு வாடகையும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டின் பெறுமதி எவ்வளவு குறைந்தது என்பதே கேள்வி. முப்பது நாள் மாதத்துக்கு 28,000 என்றால் பதினாறு நாட்களுக்கு ஏறக்குறைய 14,930 ரூபாய் வரும். அதில் பாதியைக் கேட்பது நியாயமான தொடக்கம் என்று நான் நினைக்கிறேன். முதல் ஒன்பது நாட்களுக்கும் கேட்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். வீடு நல்ல நிலையில் நின்று, ஊருக்கே மின்சாரம் இல்லாத நாட்களுக்கு அந்த வாதம் மெலிந்தது. அதை விட்டுவிடுவது உங்கள் மற்றக் கோரிக்கைக்குப் பலம் சேர்க்கும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நீங்களாகவே வாடகையை நிறுத்த வேண்டாம். நிறுத்திய மறுநாள் பேச்சு வயரை விட்டுவிட்டு வாடகை நிலுவையைப் பற்றியதாக மாறிவிடும். ஐந்தாம் திகதிக்கு முன்பே வாடகையை வங்கி மூலமாகவோ பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டோ செலுத்துங்கள். அதே நாளில் ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் மேல்மாடியில் இருந்தாலும் தபாலிலேயே அனுப்புங்கள், பற்றுச்சீட்டுத்தான் நாளைக்குப் பேசும். வீதிக்கு மின்சாரம் வந்த திகதி, உங்கள் பகுதிக்கு இன்னும் வராதது, மோட்டர் இயங்காதது, நோயாளி இருப்பது, எத்தனை நாட்களுக்குள் திருத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எவ்வளவு கழிவு கேட்கிறீர்கள், கொடுத்த வாடகை அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதாகாது என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். கோபத்தை எழுத வேண்டாம்.

இனி எழும்பச் சொன்ன விடயம். அசையா ஆதனத்தைப் பற்றிய குத்தகை ஒரு மாதத்துக்கு மேற்பட்டதாயின் நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. முத்திரையில் எழுதிய உங்கள் ஒரு வருட ஒப்பந்தம் அந்த வருடத்துக்குக் கட்டாது. ஆயினும் நீங்கள் வாடகை கொடுத்து அவர் வாங்கிவருவதால் மாத வாடகைக் குடியிருப்பாளர் என்ற நிலை உங்களுக்கு உண்டு. மாத வாடகையை முடிக்க வேண்டுமானால் முறையான ஒரு மாத முன்னறிவித்தல் தேவை. அதன் பிறகும் நீங்கள் போகாவிட்டால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கதவுக்குப் பூட்டுப் போடுவதோ, சாமானை வெளியே வைப்பதோ, மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி நெருக்குவதோ சட்டம் காட்டும் வழிகள் அல்ல.

அப்படி ஏதாவது நடந்து சமாதானக் குலைவு ஏற்படும் நிலை வந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸாரோ நீங்களோ விடயத்தை நீதவானிடம் கொண்டுபோகலாம். வழக்கமான வழக்கை விட அது விரைவானது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் இருக்கிறது. அது பொருந்தும் வீடுகளில், இருந்துவந்த வசதிகளை உரிமையாளர் தன்னிச்சையாக நிறுத்துவதற்குத் தடை உண்டு. முறையிட வாடகைச் சபையும் உண்டு. பிந்திய திருத்தங்களால் ஏராளமான வீடுகள் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே போய்விட்டதால், உங்கள் வீடு உள்ளேயா வெளியேயா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் ஆவணத்தோடு காட்டித்தான் அறிய வேண்டும். பணவசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபையை நினைத்துப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் பேசலாம். நாளைக்கும் அதே படியில் ஏறி இறங்கப்போகும் இருவருக்கு நீதிமன்றத்தை விட அந்த மேசை நல்லது.

பண்டாரவளை வயர்மன்

சட்டத்தை மேலே உள்ள ஐயா விளக்கிவிட்டார். நான் மின்வேலைக்காரன், என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். “சுவிட்சைப் போட்டால் வீடு முழுவதும் விழுகிறது” என்று சகோதரி எழுதியதை வாசித்தவுடனேயே எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தகரக் கூரைக்கு அடியில் உள்ள மூட்டுப் பெட்டிதான். விழுவது ட்ரிப் சுவிட்ச். உள்ளே போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இல்லாமல் எங்கேயோ நிலத்துக்குக் கசிகிறது என்று கண்டவுடன் அது விழும். வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். அது விழுகிறது என்றால் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து யாராவது “ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்போம்” என்று சொன்னால் அந்த ஆளை வாசற்படியோடு திருப்பி அனுப்புங்கள். நனைந்த தகரக் கூரையும் நேர் இணைப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்த கை இது.

பிழை எந்தப் பக்கம் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கின் உயிரும் அதில்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் செருகியிருக்கும் எல்லாவற்றையும், குளிர்சாதனப் பெட்டி, கெட்டில், ஸ்திரிக்கைப் பெட்டி என்று ஒன்று விடாமல், கழற்றுங்கள். உப மானிக்குப் பிறகு உள்ள சிறிய சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு மேல்தளத்தில் உங்களுக்கான சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அப்போதும் விழுந்தால், பிழை பெரும்பாலும் மேல்தளப் பெட்டிக்கும் உங்கள் சுவிட்சுகளுக்கும் இடைப்பட்ட வயரில் இருக்கிறது. நீங்கள் தொட்டேயிராத வயர் அது. விழாவிட்டால் உங்கள் சிறிய சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டவுடன் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. மோட்டரைக் கடைசியாகப் பாருங்கள். வெளியில் நனைந்து நின்ற மோட்டரும் இதே விளையாட்டை விளையாடும். சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் மட்டும் உங்கள் வேலை. மூட்டுப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். அதை என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமை உள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு திறந்து, திறக்கும்போது உரிமையாளரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். மானிக்கு முன்னால் சபை வைத்திருக்கும் முத்திரையை யாரும் தொடக்கூடாது, அது குற்றம்.

இன்னொன்று, இது இந்தக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றலாம், ஆனால் புயலுக்குப் பின் நான் போன வீடுகளில் இரண்டு மூன்றில் பார்த்ததால் எழுதுகிறேன். மின்சாரம் திரும்பி வந்தவுடன் பல்புகள் கண் கூசுகிற மாதிரியோ வழக்கத்துக்கு மாறாக மங்கியோ எரிந்தால், எங்கேயோ நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, அறுந்திருக்கலாம். உடனே பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு 1987க்கு அழையுங்கள். தாமதித்தால் வீட்டிலுள்ள பொருட்கள் கருகலாம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் சுவர்ச் செருகியில் கொடுத்தால் மின்சாரம் பின்னோக்கி ஓடிக் கம்பத்தில் ஏறி நிற்கும் சபை ஊழியரின் உயிரைப் பறித்துவிடும். மின்சாரம் இல்லாத குளிர் இரவுகளில் கரிக் கணப்பைக் கதவு மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்காதீர்கள்; ஜெனரேட்டரையும் ஜன்னலுக்குக் கீழே ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. மூச்சு நோயாளி உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம்.

ஹட்டன் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை பாடசாலைக்குப் போகும் முன் வயர்மன் அண்ணன் சொன்னது போலவே எல்லாவற்றையும் கழற்றி, எங்கள் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மேலே போடச் சொன்னேன். அப்போதும் விழுந்தது. உரிமையாளரின் மகனும் பக்கத்தில் நின்று பார்த்தார். கடிதத்தையும் எழுதிவிட்டேன், நாளை தபாலில் போடுகிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: பதினாறு நாட்களும் உப மானி சுற்றவேயில்லை, ஆனால் இந்த மாதத்துக்கும் மின் கட்டணமாக ஒரு தொகை சொல்கிறார். இதைக் கேட்பது சரியா?

நுவரெலியா வீட்டுக்காரர்

நான் மறுபக்கத்தில் இருப்பவன். இரண்டு பகுதிகளை வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். கட்டணத்தைப் பற்றி ஆசிரியை கேட்டதற்கு, ஓர் உரிமையாளராகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டுப் பாவனைக்கான மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கணக்கு. 60ஐக் கடந்துவிட்டால் முதலாவது அலகிலிருந்தே வேறு கணக்கு. அதற்கு மேல் 90, 120, 180 என்று ஒவ்வொரு வரம்பைத் தாண்டும்போதும் அலகின் விலை ஏறும். நிலையான கட்டணமும் அதோடு ஏறும். 55 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் தனித்தனி மானியில் இருந்தால் இருவருமே கீழ்ப்படியில் நிற்பார்கள். ஒரே மானியில் சேர்ந்தால் 110 அலகாகிவிடும், இருவரும் அதிகமாகக் கொடுக்க வேண்டி வரும். உப மானி வைத்த வீடுகளில் சண்டை வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். உரிமையாளர் கொள்ளையடிக்கிறார் என்று குடியிருப்பவர் நினைப்பார், தம் கையிலிருந்து போகிறது என்று உரிமையாளர் நினைப்பார். சபை அனுப்பிய பில்லை மேசையில் வைத்து, மொத்த அலகில் உங்கள் அலகு எத்தனை பங்கு என்று பிரித்துக் கணக்குப் பார்ப்பதே நேர்மையான வழி. நான் ஒவ்வொரு மாதமும் பில்லின் படத்தை இரு குடும்பங்களுக்கும் அனுப்பிவிடுகிறேன். மானி சுற்றாத நாட்களுக்கு அலகுக் கட்டணம் கேட்க நியாயமே இல்லை. பில்லைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், காட்ட மறுக்க அவரிடம் காரணம் இருக்காது. முடியுமானால் உரிமையாளரின் சம்மதத்தோடு கீழ்த்தளத்துக்குத் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அதன் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். இணைப்பு எங்கள் பெயரில் இருப்பதால், குடியிருப்பவர் மூன்று மாதக் கட்டணத்தை நிலுவையில் விட்டுவிட்டு இரவோடு இரவாகப் போனபோது மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாகச் சொல்லும் சிவப்பு அறிவித்தல் எனக்குத்தான் வந்தது. மீள் இணைப்புக் கட்டணமும் நானே கட்டினேன். அதன் பிறகும் புதிதாக வந்தவரின் சுவிட்சில் நான் கை வைக்கவில்லை. குத்தகையை நொத்தாரிசு மூலமாக முறையாக எழுதியிருந்தால், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப் பெறுவதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு விரைவான வழியைத் தந்திருக்கிறது. அதுவும் மாவட்ட நீதிமன்றத்தின் வழியாகத்தான். ஆகவே எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. எழுதும்போது மூன்று விடயங்களை விடாமல் சேருங்கள்: மானிக்குப் பிந்திய வயரைத் திருத்தும் செலவு யாருடையது, எத்தனை நாட்களுக்குள் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு எவ்வளவு கழியும்.

ஆசிரியையின் வீட்டு உரிமையாளரிடம் ஜெனரேட்டர் இருந்தால் அதிலிருந்து கீழே ஒரு கம்பி கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது கடமை ஆகாது. ஆனால் நெபுலைசர் பாவிக்கும் ஒரு வயதான அம்மா கீழே இருப்பது தெரிந்தும் கொடுக்காதிருக்க என்னால் முடியாது.

லிந்துலை தோட்டத்துப் பிள்ளை

இந்தப் பேச்சை வாசித்துக்கொண்டு வரும்போது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்தை நினைத்துக்கொண்டேன். இங்கே எல்லோரும் உரிமையாளர், வாடகை, பற்றுச்சீட்டு என்று எழுதுகிறீர்கள். லயத்தில் குடியிருப்பவரிடம் இவற்றில் ஒன்றுமே இல்லை. வாடகை கொடுக்காததால் வாடகைக்காரர் இல்லை; காணி உறுதிப்பத்திரம் இல்லாததால் சொந்தக்காரரும் இல்லை. ஒரு குடும்பம் இருக்கும் ஒரு காம்பராவின் கூரைக்கு மேலால் போன வயர் அடுத்த காம்பராவுக்கும் அதற்கடுத்த காம்பராவுக்கும் ஓடும். எங்கே கசிந்தாலும் முழு லயத்துக்கும் ஆபத்து. லயன் குடியிருப்புகள் தீப்பற்றிய செய்திகளில் “மின்னொழுக்கு” என்ற சொல்லை எத்தனை முறை வாசித்திருப்போம். மின்சார சபையிடம் தனி இணைப்புக் கேட்டுப் போனாலும் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டுவரச் சொல்வார்கள், அந்தக் கடிதத்துக்காகத் தோட்ட அலுவலகத்துக்கு எத்தனையோ முறை நடக்க வேண்டும்.

புயலுக்குப் பிறகு எங்கள் வரிசையில் கரண்ட் வந்தபோது கடைசி இரண்டு காம்பராக்களுக்கு வரவில்லை. தனித்தனியாகப் போய்ச் சொன்னதில் ஒரு வாரம் போனது. பிறகு பன்னிரண்டு குடும்பமும் ஒரே தாளில் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியைத் தோட்ட அலுவலகத்திலும் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, எங்களிடம் வைத்துக்கொண்ட பிரதியில் “கிடைத்தது” என்று முத்திரை வாங்கிக்கொண்டோம். நான்காம் நாள் வயர் மாற்ற ஆள் வந்தார். ஆசிரியை அக்காவுக்குச் சட்டம் கைகொடுக்கும் இடத்தில் இருக்கிறார், அதை விட்டுவிட வேண்டாம். லயத்தில் இருந்து இதை வாசிப்பவர்கள் மேலே ஐயா எழுதிய பிரிவுகளைத் தங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், தொழிற்சங்கக் கிளையிலோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ தங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள்.

மகாவலிக்கரை (கண்டி)

தம்பி எழுதியது முற்றிலும் சரி. குடியிருக்கும் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்ற முற்படும்போது 66ஆம் பிரிவு வாடகைக்காரர் அல்லாதவருக்கும் பயன்படலாம். அதைத் தவிர நான் எழுதியவை வாடகை உறவை வைத்தே எழுதப்பட்டவை. அந்தக் கையெழுத்துத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஹட்டன் ஆசிரியை

எல்லோருக்கும் நடந்ததை அறிவிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கடிதம் உரிமையாளர் கையில் கிடைத்த அன்று அவர் கோபமாகத்தான் இருந்தார்; மறுநாள் மகன் பேசி ஒரு மின்னிணைப்பாளரை அழைத்து வந்தார். மூட்டுப் பெட்டியைத் திறந்தபோது நாங்கள் எல்லோரும் கீழே நின்றோம். உள்ளே அரைச் சிரட்டை அளவுக்குத் தண்ணீர் நின்றது. சுற்றியிருந்த டேப் கழன்று, செம்பு பச்சையாகப் பாசி பிடித்தது போல் இருந்தது. உரிமையாளர் அதை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வயர் முழுவதையும் குழாய்க்குள் விட்டு மாற்ற ஒரு நாள் ஆனது. செலவு அவருடையது.

பாதிக் கழிவுக்கு அவர் சம்மதிக்கவில்லை. 5,000 ரூபாயை அடுத்த மாத வாடகையில் கழிப்பதாகச் சொன்னார், நான் ஏற்றுக்கொண்டேன். மத்தியஸ்த சபைக்குப் போயிருந்தால் இன்னும் கிடைத்திருக்கலாம் என்று கணவர் சொல்கிறார். எழும்பும் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. நுவரெலியா ஐயா சொன்ன மூன்று விடயங்களையும் சேர்த்து நொத்தாரிசிடம் எழுத இருவரும் வருகிற வியாழக்கிழமை போகிறோம். நேற்று மாலை உப மானியின் வாசிப்பை இருவரும் பார்த்து, ஒரு கொப்பியில் குறித்து, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தோம்: 4318.